இரண்டு பாட்டில் ராக்கெட்

சேக் பரீத் பாய் சொட்டுநீர்க் குழாய் போடுகிற ஆள். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரைக்கும் திராட்சைத் தோட்டங்களில் அவர் பதித்த குழாய் நிறைய ஓடுகிறது. அவர் சரக்கு வாங்குகிற குழாய், உரக் கடையில் நான் பில் போடுகிறேன். அவருடைய வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். குடிவரும்போது நானும் மனைவியுமாக இரண்டு பேர். இப்போது ஒருவன்.

வீட்டுக்கு முன்னால் அவர் தம்பி ரபீக்கின் பஞ்சர் கடை. நடுவில் வீடு. பின்னால் ஒரு தென்னை, ஒரு முருங்கை, துவைக்கிற கல். மாடிப்படி பின்பக்கம் இறங்குகிறது. அதனால் அந்த வீட்டில் பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். கேட்க வேண்டும் என்று நினைத்ததில்லை. கேட்கும்.

பாய் வெள்ளன கிளம்பிவிடுவார். ஒரு பையில் ரம்பம், சொல்யூஷன் டப்பா, தீப்பெட்டி. இரண்டு குழாயை இணைக்கிற கப்ளிங் கையில் இல்லாத இடத்தில் குழாயின் ஒரு முனையை ஓலை நெருப்பில் வாட்டுவார். முனை இளகும். சொல்யூஷன் தடவி அடுத்த குழாயை உள்ளே அழுத்திப் பிடிப்பார். ஆறினால் இறுகிவிடும். பிறகு மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு, பந்தலுக்கடியில் குனிந்தபடியே ஜாயிண்ட் ஜாயிண்டாகப் போவார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கன்னத்தைக் கொண்டுபோவார். கண்ணுக்குத் தெரியாத நீர்த்தூவல் கன்னத்துக்குத் தெரியும் என்பார். அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

லீவு நாளில் மகள் சுமையா கூடப் போவாள். ஒன்பதாவது படிக்கிறாள். குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கும் அந்தக் கன்னம் வைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி ஆடி மாதம் வைத்தார்கள். கண்காட்சிக்குத் தண்ணீர் ராக்கெட் செய்வதாகப் பெயர் கொடுத்தாள். குளிர்பான பாட்டிலில் கால்வாசித் தண்ணீர். வாயில் ரப்பர் கார்க். கார்க்கில் ஒரு டியூப் வால்வு. கவிழ்த்து நிறுத்திக் காற்றடித்தால் கார்க் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் கீழே பீய்ச்ச, பாட்டில் மேலே போகும். சைக்கிள் பம்பு வைத்து அடித்தாள். முருங்கை உயரம் போனது. ஆடிக்காற்று அதைப் பக்கத்து வீட்டுக் கூரையில் கொண்டுபோய்ப் போட்டது.

"என்னடி இது, எங்க ஓட்டுல வந்து எறங்குது" என்று பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் கையில் பாட்டிலோடு வந்தாள். திராட்சை பறிக்கப் போகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

"ராக்கெட்டு அக்கா."

"ராக்கெட்டா? எங்கூட்டு ஓடு ஒடஞ்சா உங்க அத்தாதேன் வந்து மாத்தணும். கொழாய் போடுறவருக்கு ஓடு போடத் தெரியுமா கேளு."

பாயின் மனைவி லத்திபா அடுப்படியிலிருந்து சொன்னார்: "நல்லாக் கேளுங்க. ரெண்டு நாளா இந்தக் கூத்துதேன். இந்த நேரத்துக்கு ரெண்டு கொடம் தண்ணி எடுத்து வச்சிருந்தா எம்புட்டு நல்லாருக்கும்."

"தண்ணியத்தேன்மா எடுத்து மேல அனுப்புறேன்" என்றாள் சுமையா.

சாயங்காலம் பாய் வந்ததும் அவள் அழுதாள். போன வருஷம் வேறு வகுப்புப் பையன்களும் இதையேதான் செய்தார்களாம். அவர்களுடையது இன்னும் உயரம் போனதாம். தேனியில் நடக்கிற மாவட்டப் போட்டிக்கு ஒன்றைத்தான் அனுப்புவார்களாம். இரண்டு பாட்டிலைச் சேர்த்து ஒன்றாக்கினால் காற்று நிறையப் பிடிக்கும், உயரம் போகும். ஆனால் ஒட்டினால் நிற்கவில்லை.

பாய் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா அழுகுற? உங்கத்தா என்ன வேலை பாக்குறேன்?"

"கொழாய் வேலை."

"ரெண்டு கொழாயச் சேக்கத் தெரிஞ்சவனுக்கு ரெண்டு பாட்டிலச் சேக்கத் தெரியாதா?"

இரண்டு பாட்டிலின் அடியையும் அறுத்தார். ஒன்றின் அறுத்த விளிம்பைச் சிறு நெருப்பில் வாட்டினார். குழாயைப் போல அது இளகவில்லை. சுருங்கியது. ஒரு உருண்டைக் கட்டையை உள்ளே கொடுத்து விரித்துப் பிடித்தார். சொல்யூஷன் தடவி மற்றப் பாட்டிலை உள்ளே அழுத்தினார். மேலே டேப்பு சுற்றினார். வாட்டிய இடம் பாலாடை மாதிரி வெளுத்துப்போயிருந்தது. நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெளுப்பு எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் அதை மோட்டார்க் குழாயில் மாட்டி டெஸ்ட் பார்த்தார். தண்ணீர் நிறைந்து, பாட்டில் விறைத்து நின்றது. கன்னத்தை வைத்துப் பார்த்தார். மகளையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு தூவல் இல்லை.

"பாத்துக்க. மோட்டாருக்கே நிக்கிது" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கடையில் பார்த்ததில்லை.

சைக்கிள் பம்பு போதாது என்று ரபீக்கிடம் போனார்கள். கடையிலிருந்து கம்ப்ரசர் ஹோஸ் வீட்டுக்குள் வழியாகப் பின்வாசல் வரை எட்டும்.

"ஏலே ரபீக்கு, காத்து கொஞ்சம் விடுடா."

"எந்த வண்டிக்குண்ணே?"

"உன் மக ராக்கெட்டுக்கு."

"சந்திரனுக்கா போகுது? அங்கன பஞ்சர் கடை இருக்கான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வரச் சொல்லு. இங்கன பொழப்பு ஓடல."

சுமையா ஹோஸை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "அங்கன காத்தே கெடையாது சின்னத்தா. கடை வச்சு எத அடைப்பீக?"

ரபீக் சிரித்தான். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காற்று தென்னையை ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. லத்திபா உள்ளே தால்ச்சாவுக்குப் பருப்பு கடைந்துகொண்டிருந்தார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பாய் துவைக்கிற கல்லில் பாட்டிலைக் கவிழ்த்து நிறுத்தி, கார்க்கைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். இழுத்தால் கழல்கிற மாதிரி ஒரு முடிச்சு. காற்று ஏறியது. எங்கோ உஸ்ஸென்று ஊதியது. பாய் ஹோஸை நிறுத்தவில்லை. குழாயில் கசிவு பார்க்கும்போது மோட்டாரை நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் கசிவு தெரியாது.

"எங்கனயோ ஊதுது. கன்னத்த வச்சுப் பாரு" என்றார்.

சுமையா குனிந்தாள்.

டயர் வெடித்த மாதிரிச் சத்தம். ரபீக் தன் கடையில் கிடந்த டயர்களைத்தான் முதலில் பார்த்தானாம்.

குழாயில் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் சொட்டும், மிஞ்சினால் பீய்ச்சும். அடைத்த காற்று அப்படி விடாது; வாட்டி வெளுத்துப் பலம் குறைந்த இடத்தை ஒரேயடியாகப் பிளந்துவிடும். இது எல்லாம் பிறகு ஒரு மெக்கானிக் சொன்னது. அப்போது நான் படியிறங்கியபோது சுமையா கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் முகத்தை மூடியிருந்தாள். விரலிடுக்கில் இரத்தம். பாய் ஹோஸைக் கையில் பிடித்தபடியே நின்றார். அது இன்னும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

கடைவாசலில் ஒரு கார் பஞ்சருக்காக நின்றது. மூன்று சக்கரத்தில், ஜாக்கியின் மேல். ரபீக் நான்காவதை மாட்டினான். நட்டு கையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. கார்க்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர்கள் போயின. லத்திபா வாயில் ஓதிக்கொண்டே வந்தார். கையில் பருப்புக் கரண்டி இருந்தது. தேனியில் இறங்கும்போதுதான் அதைப் பார்த்தார்.

கண் ஆஸ்பத்திரியில் என்னைத்தான் பேசவிட்டார்கள். எந்த ஜன்னலில் என்ன கேட்பார்கள், வராந்தாவில் எங்கே உட்கார்ந்தால் கூப்பிடுவது கேட்கும் என்பது எனக்குத் தெரியும். பழக்கம்.

டாக்டர் அம்மா சின்ன வயது. சுற்றி வளைக்கவில்லை.

"இடது கண்ணு நல்லாக் கிழிஞ்சிருக்கு. இப்பவே தையல் போடுறோம். பார்வை வரும்னு நான் சொல்லல. கண்ணு நிக்குமான்னு பாப்போம்."

வெடித்ததில் அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதியதால் மறுநாள் ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். வெடிமருந்து எதாவது வைத்தீர்களா என்று கேட்டார். பாய் வாயைத் திறந்தார். அதற்குள் கட்டிலிலிருந்து சுமையா பேசினாள்.

"மருந்தெல்லாம் இல்ல சார். காத்துதேன். அத்தா தள்ளி நில்லுன்னு சொன்னாக. நானாத்தேன் குனிஞ்சேன்."

"அப்பா சொல்லியும் குனிஞ்சியா?"

"ஆமா சார்."

போலீஸ்காரர் தலையை ஆட்டினார். "சொன்னாக் கேக்குறதில்ல இந்தக் காலத்துப் பிள்ளைக" என்று பாயைப் பார்த்து ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சே நிலைத்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுமையாவைத்தான் வைதார்கள். சந்தனம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பொட்டப்புள்ளைக்கு ராக்கெட்டு என்னாத்துக்குடி? அத்தா சொல்லச் சொல்ல மூஞ்சியக் கொண்டுபோயி வச்சியாமே. கட்டிக்குடுக்கிற எடத்துல என்னா சொல்லுவாக?"

"தப்புத்தேன் அக்கா."

"இப்ப சொல்லி? அந்த மனுசன் மொகத்தப் பாத்தியா, செத்துப்போன மொகம். ஒரே புள்ளைய வச்சிருக்கவுகளுக்கு நீ பண்ணுன வேலையப் பாரு."

"சரிக்கா."

பாய் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். எழுந்து வரவில்லை. சந்தனம்மாள் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "மனசத் தேத்திக்கங்க பாய், நீங்க என்ன செய்வீக" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் டார்ச்சை அந்தக் கண்ணில் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரிகிறதா என்றார். தெரியவில்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றார். தெரியவில்லை. சுமையாவை வெளியே அனுப்பிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"இந்தக் கண்ணு இனிமே பாக்காது. எடுத்துடணும்."

"பாக்காட்டி என்னம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பாய். "எடுக்கணும்னு என்ன?"

"அடிபட்ட கண்ணு உள்ள இருந்தா, உடம்பு அத வேற ஏதோன்னு நெனச்சுச் சண்ட போட ஆரம்பிக்கும். அப்ப நல்ல கண்ணையும் சேத்துத் தாக்கும். எல்லாருக்கும் வராது. வந்தா ரெண்டும் போயிடும். அடிபட்டு ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துட்டாப் பயம் கொறைவு."

"வராமலும் போகலாம்ல?"

"போகலாம். யாருக்கு வரும்னு முன்னாடியே எங்களுக்குத் தெரியாது."

பாய் எழுந்துவிட்டார். கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். கோட்டயத்தில் பெரிய டாக்டர் இருப்பதாக ஏலக்காய்த் தோட்டத்துக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். மறுநாள் நானும் பாயும் சுமையாவும் குமுளி பஸ் ஏறினோம். லோயர்கேம்பு தாண்டி மலையில் ஏறும்போது சாரல் அடித்தது. சுமையா கட்டோடு என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பாய் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார்.

"தம்பி."

"சொல்லுங்க பாய்."

"அன்னைக்கு மாடியிலயா நின்னீக?"

"ஆமா."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

 குமுளி வரும்வரை பாய் கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கோட்டயத்து டாக்டர் சுமையாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மலையாளமும் தமிழும் கலந்து அதையேதான் சொன்னார். தாமசிக்கண்டா என்றார். பாய்க்கு அந்த வார்த்தை புரியும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும். புரியாதது போல என்னிடம் திரும்பி, "என்ன சொல்றாரு?" என்றார். "நாள் கடத்த வேண்டாங்கறார்" என்றேன்.

திரும்பி வந்தும் கடத்தினார். ஆண்டிபட்டிப் பக்கம் பச்சிலை விடுகிற ஆள் இருப்பதாக யாரோ சொன்னதை நம்பி ஒருநாள் போனார். அந்த ஆள் இல்லை. ரபீக் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் ஆரம்பித்தான். அன்று மீன் குழம்பு. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காத. ஒரு சைடு லைன் ஒடஞ்சா நீ என்ன செய்வ? அத மூடிட்டு மத்த லைனுக்குத் தண்ணி விடுவியா, எல்லாத்தையும் காய விடுவியா? அந்த மாதிரி நெனச்சுக்க."

பாய் தட்டைத் தள்ளினார். "எம்புள்ள கொழாய் இல்லடா."

"நான் அப்படிச் சொல்லலண்ணே."

"கொழாய்னு நெனச்சுத்தேன் எல்லாம் பண்ணுனேன்."

லத்திபா அவரை நிமிர்ந்து பார்த்தார். ரபீக் குனிந்துகொண்டான். தன் கம்ப்ரசரைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்பான். அன்றிலிருந்து அவன் அந்த மெஷினைப் போடவில்லை. வருகிற வண்டிகளுக்கு எல்லாம் கால் பம்பில் அடித்தான்.

அந்த வாரக் கடைசியில் சுமையாவின் நல்ல கண் சிவந்தது. ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. முடி சிக்கெடுக்கும்போது லத்திபாதான் பார்த்தார்.  அப்போதே தேனிக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் மருந்து விட்டுப் பெரிய மெஷினில் நெடுநேரம் பார்த்தார். நாங்கள் சுவரோரம் நின்றோம். லத்திபாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்ல. மேல்சிவப்புதான். தூசி பட்டிருக்கும்" என்றார் டாக்டர். பிறகு சுமையாவை உள்ளே கட்டிலுக்கு அனுப்பிவிட்டுப் பாயைப் பார்த்தார். "இன்னைக்கு இப்படிச் சொல்லிட்டேன். அடுத்த தடவ வரும்போதும் இதையே சொல்லுவேனான்னு எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில எடுக்கலாம். கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

நர்ஸ் சம்மதத் தாளைக் கொடுத்தார். வராந்தா பெஞ்சில் பாய் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனாவை நான் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீ போடு" என்றார் லத்திபாவிடம்.

"நான் எதுக்கு?"

"என்னால ஆகாது லத்திபா. ஒரு தடவ பண்ணுனது போதும்."

லத்திபா நின்றுகொண்டிருந்தார்.

"அவ பொய் சொல்றா" என்றார் பாய். குரல் சாதாரணமாக இருந்தது. கடையில் சரக்குக் கேட்கிற குரல். "தள்ளி நில்லுன்னு நான் சொல்லல. கன்னத்த வச்சுப் பாருன்னு சொன்னேன். நாந்தேன் சொன்னேன். தம்பிக்குத் தெரியும், கேளு."

லத்திபா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கும் தெரியும்" என்றார்.

"அவ சொன்னாளா?"

"அவ எங்க சொல்லுவா? நீங்க வேணாம்னு சொன்ன எதையாச்சும் அவ செஞ்சு பாத்திருக்கீகளா? அந்தப் போலீஸ்காரர்ட்ட அவ சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன். சந்தனம்மா வந்து அந்தப் பேச்சுப் பேசுனப்ப சொல்லுவீகன்னு பாத்தேன். புள்ள 'சரிக்கா, சரிக்கா'ங்குது. நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கீக."

பாய் மடியிலிருந்த தாளின் ஓரத்தை மடித்தார்.

"கண்ணு போனது அல்லா விட்ட வழி. அதுக்கு உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இது நீங்க விட்ட வழி. இதுக்குச் சொல்லுவேன்." லத்திபா முக்காட்டை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "உள்ள போயி அவகிட்ட நீங்களே சொல்லுங்க. எடுக்கப்போறாகன்னு. நான் சொன்னா அழுவா. டாக்டரம்மா சொன்னாப் பயப்படுவா. நீங்க சொன்னாத்தேன் கேப்பா. சொல்லிட்டு வந்து கையெழுத்தப் போடுங்க."

வெகுநேரம் கழித்து பாய் எழுந்தார். கதவு முழுதும் சாத்தவில்லை. அவர் கட்டிலோரம் நின்றது தெரிந்தது.

"ஏத்தா."

"என்னத்தா?"

"அந்தக் கண்ண எடுத்துரலாம்ங்கிறாக."

கட்டில் கிறீச்சிட்டது.

"நீங்க என்ன சொல்றீக?" என்றாள் சுமையா.

"எடுத்துரலாம்."

"சரித்தா."

"இனிமே யாராச்சும் கேட்டா நீயாக் குனிஞ்சேன்னு சொல்லாத."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

பாய் வெளியே வந்து கையெழுத்துப் போட்டார். மூன்று இடத்தில் போடவேண்டியிருந்தது. மூன்றும் வேறு வேறு மாதிரி விழுந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் சரியாகவே முடிந்தது. புண் ஆறினதும் செயற்கைக் கண் வைக்கலாம் என்றார்கள். பார்த்தால் தெரியாது என்றார்கள். நல்ல கண்ணுக்கு இனிப் பயம் குறைவு என்றார்கள். லத்திபா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் மருந்துச் சீட்டோடு தூரத்தில் நின்றார்.

ஊருக்குத் திரும்பின பஸ்ஸில் கூட்டமில்லை. மூன்று பேர் சீட்டில் சுமையா நடுவில் உட்கார்ந்தாள். வலது பக்கம் ஜன்னல் காலியாக இருந்தது. பாய் அவளுடைய இடது பக்கம், நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தார். கட்டுப் போட்ட பக்கம். நானும் லத்திபாவும் பின் சீட்டில்.

பஸ் தேனியைத் தாண்டியது. வயல்களில் நாற்றுப் பாவியிருந்தார்கள். காற்றில் பச்சை ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து எழுந்தது. சுமையா அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

லத்திபா முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் மாறி உக்காருங்க. அவளுக்கு உங்க மொகம் தெரியட்டும்."

"இங்கனயே இருக்கேன்" என்றார் பாய்.

வீரபாண்டி வந்தபோது அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் இல்லை. துண்டை எடுக்கவும் இல்லை. சுமையா தலையை முழுதும் திருப்பினால்தான் அவரைப் பார்க்க முடியும்.

அவள் திருப்பவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.